மோதிரத்தில் அம்மாவின் பங்கு

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, முன்னறை மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. மகன் ஸ்டூல் மேல் நின்றான். அம்மா ஒரு கையால் ஸ்டூலையும் மறு கையால் டார்ச்சையும் பிடித்திருந்தாள். ஒரு மாதமாகவே அந்த விசிறி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

“டார்ச்சை ஆட்டாதம்மா. ஒயர் தெரியல.”

“நான் எங்கடா ஆட்டுறேன்? நீதான் மேல நின்னு ஆடுற.”

“நான் ஆடல. வெளிச்சம்தான் ஆடுது.”

“அப்ப வெளிச்சத்தைத் திட்டு. என்னை ஏன் திட்டுற?”

டார்ச்சைக் கை மாற்றிக்கொண்டாள். வெளிச்சம் நின்றது. அவன் பழைய கண்டென்சரைக் கழற்றிப் புதியதை முடுக்கினான். பன்னிரண்டு நிமிடம் ஆனது. சுவிட்சைப் போட்டதும் காலண்டர் தாள்கள் படபடத்தன. அம்மா, “எஞ்சினியரை வளர்த்ததுக்கு இன்னைக்குத்தான் காத்து வருது” என்றாள். அவன் எஞ்சினியர் இல்லை, டிப்ளமோதான். ஆனால் வீட்டில் அவன் பெயர் எஞ்சினியர்.

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள். வெள்ளிக்கிழமை போய்விட்டாள். நடுவில் கண் திறக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்று ஆஸ்பத்திரி ஒரு வரி எழுதிக்கொடுத்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மோதிரம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மகனுக்கு மூன்று வாரம் பிடித்தது.

அவன் வேலையே கண்டுபிடிப்பதுதான். எடை இயந்திரங்களைச் சோதிக்கும் நிறுவனத்தில் டெக்னீஷியன். எடைக்கற்கள் அடங்கிய பெட்டியோடு கடை கடையாகப் போவான். ஒவ்வொரு இயந்திரமும் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது, எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்று பார்த்துத் திருத்தி, மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவான். எந்த இயந்திரம் சொல்வதையும் அப்படியே நம்பக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம்.

அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்து முடித்த ஈர விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டால் மறுபக்கம் காய்ந்து வெளியே வரும். அந்த மறுபக்கத்தில் நிற்பவள் அம்மா. பிடித்து, உதறி, நான்காக மடித்து அடுக்க வேண்டும். அவள் மடித்த அடுக்கில் விளிம்பு கத்தி வைத்து வெட்டியதுபோல் நிற்கும். அங்கே எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. புதிதாகச் சேர்ந்த பெண்கள் கோணலாக மடித்தால், “உன் வீட்டுக்காரன் சட்டையை இப்படி மடி. கேக்க ஆளில்லை. இது காசு கொடுத்துப் படுக்கிறவன் விரிப்பு” என்பாள். முன்கை இரண்டிலும் உருளை சுட்ட தழும்புகள் இருந்தன. கேட்டால், எது எந்த வருடத்தில் பட்டது என்று வரிசையாகச் சொல்வாள்.

அவன் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு வழக்கம். கொடுக்கும் காசைக் குறைத்துச் சொல்வாள், வாங்கும் காசைக் கூட்டிச் சொல்வாள். பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் பாதிதான் வாயில் வரும். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ஓவர்டைமையும் சேர்த்து, அடுத்த வருட உயர்வையும் இந்த வருடமே சேர்த்துச் சொல்வாள். மகன் படிப்பை விட்டுவிட்டு எங்காவது மூட்டை தூக்கப் போய்விடக் கூடாது என்ற பயத்தில் தொடங்கியது. அவன் படித்து முடித்த பிறகும் அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு பாதி அவனுக்குத் தெரியும். கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியும் இருக்கிறான். “அம்மா ஒரு விலை சொன்னா அதை ரெண்டால பெருக்கிக்கணும். நானே சோதிச்சுப் பார்த்திருக்கேன். பிழை மாறாம இருக்கு, நம்பகமான இயந்திரம்.” அவளும் சிரித்தாள். அவள் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். எண்ணி எண்ணிக் கொடுக்கிற கை, எண்ணி எண்ணிப் பேசுகிற வாய்.

விலைக்குத் திருத்தம் போட்டவன் சம்பளத்துக்குப் போடவில்லை. அதே இயந்திரம்தான். ஒரு தட்டை மட்டும் சோதித்துவிட்டு மறு தட்டை அப்படியே நம்பினான். வேலையில் ஒருவன் இப்படிச் செய்தால் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மோதிரப் பேச்சு ஆரம்பித்தது பார்மசிஸ்டின் அக்கா வீட்டில். அக்காவின் கணவர் கட்டட கான்ட்ராக்டர். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவர், மனைவியின் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தார். விரலில் கல் பதித்த மோதிரம். “இது நிச்சயத்துக்குப் போட்டது. என்ன சகலை, நீங்க என்ன பண்ணப்போறீங்க? உங்க தராசு காட்டுற அளவுக்காவது ஏதாவது இருக்குமா, இல்ல காத்துல பறந்துடுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பார்மசிஸ்ட், “அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான். எனக்கு வெறும் வளையம் போதும், கல்லெல்லாம் வேணாம். கையுறை போட்டு வேலை பார்க்குறவளுக்குக் கல்லு எதுக்கு, கிழிக்கத்தான்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தான். மோதிரத்தின் விலை எண்பத்தாறாயிரம். எட்டு மாதத் தவணை. நகைக்கடைக்காரரின் எடை இயந்திரத்தைப் பார்க்கிறவன் என்பதால் சேதாரத்தில் ஆறாயிரம் தள்ளுபடி. மீதி எண்பது. மாதம் பத்து. அவனால் ஏழுதான் முடிந்தது. வாடகை அவனுடையது, பைக் தவணை அவனுடையது. மளிகையும் மின்கட்டணமும் அம்மாவுடையது.

“அம்மா, மாசம் உனக்கு எவ்வளவு மிஞ்சும்?”

அம்மா துணியைக் காயப்போட்டுவிட்டு வந்தாள். “மிஞ்சுறதுக்கென்ன. மூணு நாலு மிஞ்சும்.”

“மூணா, நாலா?”

“மூணுன்னு போட்டுக்கோ. இழுத்துப் பிடிச்சா நாலு.”

“நிச்சயமா சொல்லும்மா. அப்புறம் நடுவுல நிக்கக் கூடாது.”

“நான் என்னைக்குடா நடுவுல நின்னிருக்கேன்? பதினாறு வாங்குறேன், மூணு கொடுக்க முடியாதா?”

அவன் எக்செல் கட்டத்தில் மூவாயிரம் என்று தட்டினான். கட்டத்துக்கு மேலே ‘அம்மா’ என்று தலைப்பிட்டான். அவள் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள்.

“பரவால்லையே, எனக்குக்கூட வீடு கட்டிட்டான்.”

“வீடில்ல, கட்டம்.”

“கல்யாணம் ஆனதும் இந்தக் கட்டத்துல யார் குடியிருப்பா?”

“நீதான். அடுத்தது ஃபிரிட்ஜ் வாங்கணும்.”

“பார்த்தியா, வாடகைக்கு விட்டவன் காலி பண்ணச் சொல்லமாட்டேங்குறான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கல்லைத் தேர்ந்தெடுக்க அம்மாவையும் கூட்டிப்போனான். நகைக்கடைக்காரர் சிறு தட்டில் வெல்வெட் துணி விரித்து நான்கைக் காட்டினார். அம்மா ஓரத்தில் இருந்த சின்னதைக் காட்டி, “இதுவே பளிச்சுனு இருக்கே” என்றாள். நகைக்கடைக்காரர், “அம்மா சிக்கனமா கண்ணை வச்சிருக்காங்க” என்றார். மகன் பெரியதைக் காட்டினான். கடையை விட்டு இறங்கும்போது அம்மா, “நல்லாத்தான் இருக்கு. அந்தக் கான்ட்ராக்டர் பார்த்தா முகத்துல ஈயாடாது” என்றாள். அவன் அவளிடம் கான்ட்ராக்டரைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. பார்மசிஸ்ட் சொல்லியிருக்கிறாள்.

மாதம் தவறாமல் மூவாயிரம் வந்தது. பத்தாம் தேதிக்குள் மேசைமேல் உப்பு ஜாடிக்கு அடியில் இருக்கும். ஐந்தாம் மாதம் மட்டும் பத்து தாண்டி, பதினொன்று தாண்டி, பன்னிரண்டு ஆனது. தேதி தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி அவன் ஃபார்முலா எழுதிவைத்திருந்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே போய்க் காட்டினான்.

“உன் கட்டம் சிவந்துருச்சும்மா.”

“வெட்கப்படுது போல. நாளைக்குச் சரியாயிடும்.”

“கடைக்காரர் ஃபோன் பண்ணிட்டார். எனக்கு அசிங்கமா இருக்கு. அவர் கடைக்கு வேலையா போய் நிக்கிறவன் நான்.”

அம்மா அடுப்பைத் தணித்தாள். “நாளைக்குன்னு சொல்றேன்ல. போ, அதை இங்க வச்சு ஆவி அடிக்கவிடாத.”

மறுநாள் மூவாயிரம் இருந்தது. எல்லாம் ஐம்பதும் நூறுமாக. அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக இருப்பதாகச் சொன்னான். கட்டம் வெள்ளையானது.

எட்டாம் மாதம், பத்தாம் தேதிக்கு முன்னாலேயே அவள் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “ரத்த அழுத்தம் இருந்திருக்கு. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?”

“ஒரு வேளை தவறாது, சார்.”

“நிச்சயமா தெரியுமா?”

“நான் தினமும் கேப்பேன். சாப்பிட்டேன்னு சொல்வாங்க.”

டாக்டர் எழுதிக்கொண்டார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் கான்ட்ராக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல். எழுந்து போகும்போது தோளில் கை வைத்து, “நிச்சயத்தை ஒரு ஆறு மாசம் தள்ளிக்கலாம், தம்பி. அவசரமில்ல. தங்கமும் கொஞ்சம் இறங்கினாலும் இறங்கும்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

மறு வாரம் சலவைக்கூடத்துக்கு வரச்சொன்னார்கள். அம்மாவுக்குச் சேரவேண்டிய பணத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சூப்பர்வைசர் வயதானவர், காதில் எப்போதும் பஞ்சு. மேசையில் தாளை வைத்துக் கோட்டைக் காட்டினார். மகன் கையெழுத்துப் போடும் முன் படித்தான். அவன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

“சார், இதுல தப்பிருக்கு. மாசம் ஒன்பதாயிரம்னு கணக்குப் போட்டிருக்கீங்க. அம்மாவுக்குப் பதினாறு.”

“யார் சொன்னது?”

“அம்மாதான்.”

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றினார். “எப்பவுமே பதினாறு இல்ல, தம்பி. ஓவர்டைம் எல்லாம் சேர்த்து, பதிமூணு வாங்கிட்டிருந்தாங்க. பெரிய ஓட்டல்காரங்க சொந்தமா மெஷின் போட்டுட்டாங்க. லோடு குறைஞ்சுபோச்சு. ஆறு மாசமா எல்லாருக்கும் வாரம் நாலு நாள்தான்.”

“வாரம் ஆறு நாளும் வீட்டை விட்டுக் கிளம்புவாங்களே. டிபன் பாக்ஸோட.”

“இங்கதான் வருவாங்க. பின்னாடி ஸ்டோர்ல உக்காந்து கிழிஞ்ச விரிப்பு தைப்பாங்க. துண்டுக்கு இவ்வளவுன்னு. பெருசா ஒண்ணும் வராது. வேணாம்க்கா, வீட்ல இருந்து ஓய்வெடுங்கன்னேன். ‘வீட்ல எஞ்சினியர் இருக்கான், கேள்வி கேப்பான்’னாங்க.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “பஸ்ஸை விட்டுட்டு நடந்துகூட வந்தாங்க பாதி நாள். நல்ல வேகம் நடப்பாங்க” என்றார், அதில் ஏதோ பெருமை இருப்பதுபோல.

மகன் வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தான். உருளைகளின் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது. ஒன்பதாயிரம். தையலில் ஓர் ஆயிரம். மளிகை ஆறரை, மின்கட்டணம் ஒன்று, அதற்குமேல் மூன்று. வரவில்லை. ஐந்நூறு இடிக்கிறது. மாத்திரையை அவன் இன்னும் சேர்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் பார்மசிஸ்டை வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கொடுத்தான். அவள் மேசைமேல் கொட்டினாள். உள்ளே வேறு ஏதோ மருந்துக்கடையின் பில்கள், இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கும் கடை. அம்மா ஒருநாளும் இவள் கடைக்கு மருந்து வாங்க வந்ததில்லை. தள்ளுபடி கிடைக்கும் என்று கூப்பிட்டபோது, “மருமக கடையில போய்ப் பேரம் பேசினா நல்லாவா இருக்கும்” என்று மழுப்பியிருக்கிறாள்.

பார்மசிஸ்ட் பில்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். கடையில் செய்கிற மாதிரியே, விரல் நுனியால் தள்ளித் தள்ளி.

“தினம் ரெண்டு. மாசம் ஆறு அட்டை வாங்கணும். ஆறு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் ஆறு. அதுக்கப்புறம் மூணு.” ஓர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே அரை மாத்திரை ஒன்று மிச்சம் இருந்தது, விளிம்பு உதிர்ந்து. “பாதி பாதியா உடைச்சுச் சாப்பிட்டிருக்காங்க. கடைசி பில் ஒன்பது வாரத்துக்கு முன்னாடி. அப்ப கடைசி வாரங்கள்ல அதுவும் இல்ல.”

அவன் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தான்.

“எங்க கடைக்கு வந்திருந்தா நான் எண்ணியிருப்பேன். அதான் வரல.” அவள் குரல் உயரவில்லை. “நான் கேட்டேனா இந்தக் கல்லை?”

“நீ கேக்கல.”

“எத்தனை தடவை வேணாம்னு சொன்னேன்? அத்தைகிட்டயும் சொன்னேன். ‘ஆசைப்படுறான், தடுக்காத. ஒருத்தன் முன்னாடி தலை குனிஞ்சுட்டு வந்திருக்கான்’னாங்க. அதை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க. நானும் சொல்லல.” பில்களை அடுக்கி மறுபடி டப்பாவில் போட்டாள். “ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வச்சு இதைப் பண்ணியிருக்கீங்க. அந்த மோதிரத்தை நான் போடமாட்டேன்.”

“என்னை?”

“உன்னை என்ன பண்றதுன்னு இன்னும் யோசிக்கல” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் ஃபோன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை.

லேப்டாப்பைத் திறந்தான். அந்த மாதம் அம்மாவின் கட்டம் சிவப்பாகவே இருந்தது. அழிக்கலாமா, பூஜ்யம் போடலாமா என்று தெரியவில்லை. எதைப் போட்டாலும் கூட்டுத்தொகை தானாகவே மாறும். மூடிவைத்தான்.

நகைக்கடைக்கு அவனாகப் போயிருக்க மாட்டான். ஆனால் அந்தக் கடையின் எடை இயந்திரத்துக்கு வருடாந்தரச் சோதனை வந்துவிட்டது. அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். கேள்விப்பட்டேன் என்றார். தேநீர் வரவழைத்தார். அவன் வேலையை முடித்தான். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டான்.

“அந்த மோதிரம் வேணாம், அண்ணே. கட்டின பணத்துல எதைப் பிடிக்கணுமோ பிடிச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்க.”

கடைக்காரர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

“அம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“என்ன சொல்லலையா?”

“அவங்க விழுந்ததுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் தனியா வந்தாங்க. எதிர்ல ஸ்கேன் சென்டர் இருக்குல்ல, அங்கிருந்து ரோட்டைத் தாண்டி நேரா இங்கதான். கையில டாக்டர் சீட்டு இருந்தது. பெரிய கல்லுக்குப் பதிலா அன்னைக்கு ஓரத்துல இருந்த சின்னக் கல்லை வச்சா எவ்வளவு திரும்பி வரும்னு கேட்டாங்க. பதினொண்ணு வரும்னேன். ரொக்கமா வருமான்னாங்க. வரும்னேன்.”

“எதுக்குன்னு கேட்டீங்களா?”

“கேக்காம இருப்பேனா? மருமக கையுறை போட்டு வேலை பார்க்குறா, பெரிய கல்லு கிழிக்கும்னாங்க. நியாயமாத்தான் பட்டுது.” பொட்டலத்தைப் பிரித்தார். சின்னக் கல் இருந்தது. கூடவே நான்காக மடித்த நோட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு. “பையன் கையெழுத்து வேணுமேன்னேன். ‘அவனை இதுல இழுக்காதீங்க. நான் கட்டினதுலேர்ந்து மட்டும் கழிச்சுக் கொடுங்க’ன்னாங்க. சரி, பணம் கட்டின ரசீதையாவது கொண்டாங்கன்னேன். அது வீட்ல உங்க ஃபைல்ல இருக்காம். நீங்க வேலைக்குப் போனதும் எடுத்துட்டு, வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னாங்க. எதிர்லயும் வியாழக்கிழமைக்குத்தான் ஸ்கேனுக்குப் பேர் கொடுத்திருந்தாங்களாம்.”

கடைக்காரர் நோட்டுகளை அவன் பக்கம் நகர்த்தினார்.

“புதன்கிழமை சாயங்காலமே எடுத்து வச்சுட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்த்தேன், வரல. ரசீது கிடைக்கல போலிருக்குன்னு நினைச்சேன்.”